எல்லாத்துக்கும் ஓம்

உரும்பிராய்ச் சந்தியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் கடைப் பூட்டின் திறப்பு என் காற்சட்டைப் பைக்குள் கிடப்பது தெரிந்தது. திரும்பிப் போக மனமில்லை. மருதனார்மடம் பக்கமாகப் போன ஓட்டோ ஒன்றை மறித்து, சந்தையடிக் கமராக் கடையில் கொடுத்துவிடச் சொல்லித் திறப்பை நீட்டினேன். ஓட்டோக்காரர் என்னையும் என் தோளில் கிடந்த பையையும் பார்த்தார்.

"ஏன், நீர் அந்தப் பக்கம் போகேல்லையோ?"

"நான் இனிப் போகமாட்டன் அண்ணை."

அவர் திறப்பை வாங்கிச் சேட்டுப் பைக்குள் போட்டார். வேலையை விட்டு நடக்கிறவனின் நடை பார்த்த உடனே தெரியும் போல.

பைக்குள் இரண்டு சேட், ஒரு சாரம், ஒரு குறடு, போன் சார்ஜர். கடையின் பின்னறையில் படுத்தெழும்பிய எட்டு மாதத்தில் சேர்ந்தது அவ்வளவுதான். அதற்கு முன் பேக்கரி, கல் உடைக்கிற இடம், வவுனியாவில் லொறி, மன்னாரில் உப்பளம். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. சண்டைக்குள் இடம்பெயர்ந்த பிறகு என்னைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை, நானும் கேட்கவில்லை. வேலைகளை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இருந்ததில்லை. ஒருநாள் காலையில் எழும்பினால் கால் வேறு பக்கம் போகும். இந்த முறை மட்டும் போகிற இடம் ஒன்று இருந்தது. கோப்பாயில் ஒரு ரீச்சர் பின்னேரம் தன் வீட்டு ஹோலில் போய் இருப்பதற்கு முன்னால், அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

கடையில் எங்கள் வேலை கமரா பூட்டுவதும் ரவுட்டர் வைப்பதும். "ஓடர் தாறது கனடா, கதவு திறக்கிறது கோப்பாய்" என்று முதலாளி பகிடி விடுவார். உண்மைதான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து சொல்லுவார்கள், நாங்கள் போய்ப் பூட்டுவோம், வீட்டில் இருக்கிறவர்கள் தேத்தண்ணி தந்துவிட்டுத் தங்கள் போனையும் நீட்டுவார்கள். அதில் கமராச் செயலியை ஏற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. ஏற்றியதும் அது வரிசையாகக் கேள்வி கேட்கத் தொடங்கும். ஒலிவாங்கி, இருக்கிற இடம், படங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் வீட்டு வலையமைப்பைப் பற்றி ஒன்று கேட்கும். எல்லாம் இங்கிலீசில். எனக்கு எழுத்துத் தெரியும், சொல் தெரியாது.

முதல் நாளே முதலாளி சொல்லித் தந்துவிட்டார். "வாசிச்சு மினக்கெடாதை. எல்லாத்துக்கும் ஓம் எண்டு அமத்து. ஒண்டுக்கு இல்லையெண்டு அமத்தினியோ, நாளைக்குப் படம் வரேல்லையெண்டு கோல் வரும். நீதான் வெயிலுக்கை சைக்கிள் உழக்கோணும்."

அப்படி ஒருமுறை உழக்கியும் இருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு, அந்த வீட்டு வலையமைப்புக் கேள்விக்கு, தவறுதலாக இல்லை என்று அமத்திவிட்டேன். கமரா சுவரில் இருக்கிறது, போன் அதற்குக் கீழே இருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று தெரியவில்லை. ஒரு பொத்தானை அமத்துவதற்காக ஆறு மைல் திரும்பப் போனேன். அதன் பிறகு வாசிக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருந்தது. கமராவைப் பதிவு செய்வதற்கு மின்னஞ்சல் வேண்டும். வயது போனவர்களிடம் மின்னஞ்சல் இருக்காது, இருந்தால் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்காது. அதனால் கடையின் பேரிலேயே பதிந்துவிட்டு, வீட்டுக்காரருக்கும் வெளிநாட்டில் இருக்கிறவருக்கும் பார்க்கிற உரிமையை மட்டும் அனுப்பிவிடுவோம். வீடு அவர்களுடையது, கமராவும் அவர்களுடையது. ஆனால் கமராவைப் பொறுத்தவரை கடைதான் வீட்டுக்காரன், அவர்கள் விருந்தாளிகள். இதில் ஏதும் பிழை இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேலை கெதியாக முடிந்தது.

ரீச்சர் வீட்டுக் கமரா அதைவிட அவசரத்தில் பூட்டியது. ஏழு மாதத்துக்கு முன்னர் அவருடைய தாயார் காலமானார். கனடாவில் இருந்த தமையனுக்குப் பத்திரங்கள் சரிவராததால் வர முடியவில்லை. அம்மா வீட்டில் கிடக்கிற இரண்டு நாளும் தான் பார்க்க வேண்டும், ஹோலில் கமரா ஒன்று பூட்டுங்கள் என்று அவர் முதலாளிக்குச் சொன்னார். நான் போகும்போது சவப்பெட்டி ஹோலுக்கு வந்துவிட்டது. கீழே பெண்கள் கீர்த்தனை பாடிக்கொண்டிருக்க, கதிரையில் ஏறி மூலையில் துளை போட்டேன். துளைக்கிற சத்தத்துக்கு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வந்தவர்களில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லண்டனில் ஒரு சித்தி, ஜெர்மனியில் ஒரு மச்சான், எல்லாருக்கும் முகம் காட்ட வேண்டும். அதற்காக யாரோ வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கறுப்பு மையால் பெரிதாக எழுதி வாசல் நிலையோரம் ஒட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இப்போது எல்லாச் செத்தவீட்டிலும் இது உண்டு. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது மாதிரி. பெட்டியைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். தாள் நிலையிலேயே இருந்தது. கமராவும் இருந்தது.

கடை மேசையில் ஒரு பெரிய திரை இருக்கும். நாங்கள் பூட்டிய வீடுகள் அதில் சின்னச் சின்னச் சதுரமாகத் தெரியும். பழுது வந்தால் பார்க்க என்றுதான் வைத்திருந்தது. போகப்போக முதலாளி அதைச் சனத்துக்குக் காட்டத் தொடங்கினார். புதிதாகக் கமரா பூட்ட வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி வேண்டுமே. "இந்தா, கோப்பாயிலை ஒரு வீடு. எவ்வளவு துப்பரவாய்த் தெரியுது பாருங்கோ. சத்தமும் கேக்கும்." ரீச்சரின் ஹோலைத்தான் காட்டுவார். நல்ல வெளிச்சமான ஹோல். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். அவருக்கு அது நல்ல படம், அவ்வளவுதான்.

ரீச்சர் பின்னேரங்களில் பெட்டி கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து தாயோடு கதைப்பார். வாய்விட்டு, சாதாரணமாக, பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி. திரையைப் பார்க்கிறவர்கள் முதலில் படத்தின் தெளிவைப் பார்ப்பார்கள், பிறகு அதைக் கேட்பார்கள்.

நான் வேலையை விட்ட அன்று காலை வந்த மனுசி ஒருத்தி கோப்பாய்க்காரி. திரையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டாள்.

"உவ ரீச்சரெல்லே? அப்ப சனம் சொல்லுறது உண்மைதான். தனியக் கதைக்கிறாவாம்."

"தாயோடை கதைக்கிறா," என்றார் முதலாளி. "மூளை தட்டிப்போட்டுது. பின்னேரம் வந்தால் முழுக்கக் கேக்கலாம்."

"நாங்கள் போன மாதமே பிள்ளையை ரியூசனாலை நிப்பாட்டிப்போட்டம். ஆரார் எண்டு பாத்தெல்லோ பிள்ளையை விடோணும்."

நான் முதலாளியிடம், இது ரீச்சருக்குத் தெரியுமோ என்று கேட்டேன். "உனக்கென்ன? உன்ரை வேலையைப் பார்" என்றார். பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோபம் என்று சொல்ல முடியாது. அந்தக் கமராவைப் பதிந்த கை என்னுடையது.

கோப்பாய்க்குப் போய்ச் சேர மூன்று மணி தாண்டிவிட்டது. வாசற் படலையிலும் நாங்கள் பூட்டிய கமரா ஒன்று இருந்தது. அதற்குக் கீழால்தான் போனேன், வேறு வழியில்லை. ரீச்சர் ஹோலில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கலியாணம் கட்டாதவர், யாரோடும் அதிகம் கதைக்காதவர். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது.

"கமராத் தம்பியெல்லே? வாரும், இரும்."

"ரீச்சர், ஒருக்கால் குசினிப் பக்கம் வாங்கோ."

"ஏன், இதிலை இருந்து சொல்லுமன்."

"இதிலை ஏலாது."

அவர் மூலையைப் பார்த்தார். பிறகு எழும்பி வந்தார். குசினியில் அடுப்போரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு, திரை, வந்து போகிறவர்கள், காலையில் வந்த மனுசி. அவர் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார். முடிந்ததும், "அண்ணா பாக்கிறவர். அது எனக்குத் தெரியும்" என்றார்.

"அண்ணா மட்டுமில்லை ரீச்சர்."

"நீர் கடையோடை கோவிச்சுக்கொண்டு வந்து சொல்லுறீர் போலை கிடக்கு."

அப்படி நினைப்பது நியாயம். பையோடு நிற்கிற ஆளை எப்படி நம்புவது? என் போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டு ஹோலுக்குப் போய், கமராவுக்கு நேரே நின்று இரண்டு கையையும் தூக்கினேன். நிற்கவே வெட்கமாக இருந்தது. இருநூறு எண்ணுவதற்குள் போன் அடித்தது. ஓடிவந்து சத்தத்தைக் கூட்டிவிட்டு எடுத்தேன்.

"டேய், உங்கை என்ன கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாய்? ரீச்சர் உன்னைச் சுடப்போறாவோ?" முதலாளிக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர். "திறப்புக் கிடைச்சுது. கோவத்தை விட்டிட்டு வா, சுன்னாகத்திலை ஒரு வேலை இருக்கு."

நான் போனை நிறுத்தினேன். ரீச்சர் குசினிக் கதிரையில் இருந்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவருக்கும் கேட்டிருந்தது.

"சத்தமும் கேக்குமோ?"

"ஓம்."

"பின்னேரத்திலையும்?"

"ஓம் ரீச்சர்."

என்னை நிமிர்ந்து பார்த்து, "நீர் கேட்டனீரோ?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஒருக்கால்," என்றேன். "கடை பூட்டின பிறகு. முழுக்கக் கேட்டன்."

நான் கேட்ட அன்று அவர் தாயை ஏசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவம் போவம் எண்டு நான் கெஞ்சினனெல்லே, ஏன் வரேல்லை, ஏன் என்னை இப்பிடி விட்டனீங்கள் என்று. துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நான் துணியை வைத்துவிட்டு நின்று கேட்டேன். திரையை நிறுத்துகிற பொத்தான் என் கைக்குக் கிட்டத்தான் இருந்தது.

ரீச்சர் என்னை ஏசவில்லை. எழும்பிப் போய்ப் பைப்பைத் திறந்து, கழுவி வைத்திருந்த தம்ளர் ஒன்றைத் திரும்பக் கழுவினார்.

"பதினாலு பிள்ளையள் வந்தது. இப்ப அஞ்சு. என்ரை படிப்பிப்பு சரியில்லையாக்கும் எண்டு நினைச்சுப் புதுசாய் நோட்ஸ் எல்லாம் எழுதினன் தம்பி."

பிறகு தன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இதிலை எல்லாத்தையும் இல்லையெண்டு போடும்."

"போட்டால் உங்கடை போனிலைதான் தெரியாமல் போகும் ரீச்சர். கடைக்குத் தெரியும். அது வேறை, இது வேறை."

"சரி, இதை முதல் பாப்பம். அதைப் பிறகு பாப்பம்."

செட்டிங்சைத் திறந்து கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி, ஒவ்வொரு செயலியாகப் பார்த்தார். ரோச் லைற் செயலிக்கு ஒலிவாங்கி திறந்து கிடந்தது. "வெளிச்சம் போடுறதுக்கு ஏன் காது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அமத்தினார். கீர்த்தனைப் புத்தகச் செயலி அவர் எங்கே போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. செத்தவீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி ஏற்றிவிட்டுப் போன படம் வெட்டுகிற செயலி ஒன்று, வீட்டு வலையமைப்பைக் கேட்டு வாங்கி வைத்திருந்தது. அந்த இடத்தில் அவர் நின்றார்.

"உமக்குத் தெரியுமோ இதிலை என்ன எழுதியிருக்கெண்டு?"

"தெரியாது."

"வீட்டிலை இந்த வைஃபையோடை சேந்திருக்கிற சாமான் எல்லாத்தையும் தேடிப் பிடிச்சு, அதுகளோடை தொடுக்க விடட்டோ எண்டு கேக்குது."

ஆறு மைல் சைக்கிள் உழக்கிப் போய் ஓம் என்று அமத்தியது இதற்குத்தான். ரீவி, கமரா, கூட இருக்கிற மற்ற ஆட்களின் போன், எல்லாவற்றையும் தேடிப் பிடிக்கட்டோ என்று ஒவ்வொரு வீட்டிலும் அது மரியாதையாகக் கேட்டிருக்கிறது. நான் வீட்டுக்காரரிடம் கேட்காமல் அவர்களின் விரலாக நின்று ஓம் சொல்லியிருக்கிறேன். கமராச் செயலிக்கு அது தேவைதான். படம் வெட்டுகிறதற்கு எதற்கு? ரீச்சர் அதையும் நிறுத்தினார். கமராவுக்கு மட்டும் விட்டார்.

"இனிக் கடையின்ரை விஷயம்," என்றார்.

கமராவின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். ஊசியை விட்டுப் பத்துச் செக்கன் அமத்திப் பிடித்தால் அது எல்லாரையும் மறந்துவிடும். கடை போய்விடும். அதோடு தமையனும் போய்விடுவார். அதைச் சொன்னேன்.

"அண்ணாவுமோ?"

"ஓம். பிறகு உங்கடை பேரிலை பதிஞ்சு, நீங்கள் விரும்பினால் அவரைச் சேர்க்கலாம்."

அவர் யோசித்தார். "வீடு அண்ணாவின்ரை பேரிலை," என்றார். வேறொன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வேலையையும் படுக்கிற இடத்தையும் விட்டு நடப்பது எனக்குப் பழக்கம். அவருக்கு அந்த வீட்டை விட்டால் போக இடமில்லை.

தமையனுக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டினார். அங்கே அப்போது விடிந்துகொண்டிருக்கும். நான் வெளியே போகப் பார்த்தேன், இரும் என்று கையைக் காட்டினார்.

"என்ன, இந்த நேரத்திலை? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணா." சொன்னார். நான் சொன்னதையெல்லாம் நேராக, அழாமல்.

"கடைக்காரன் எனக்குத் தெரிஞ்ச பெடியன். சும்மா சேர்விசுக்கு வைச்சிருப்பான்."

"சேர்விசுக்கு வைச்சிருக்கிறவன் சனத்தைக் கூப்பிட்டுக் காட்டுவானோ? அவை சிரிக்கிறதை நான் கேட்டனான்."

"சரி, நான் அவனோடை கதைக்கிறன். பாஸ்வேர்டை மாத்து. ஆனால் ஹோல் கமராவிலை மட்டும் கை வையாதை. அம்மா அதிலைதான் கிடந்தவ. நான் ஒரு பிடி மண்ணும் போடேல்லை."

"நீங்கள் அம்மாவைப் பாக்கிறதெண்டு நினைச்சுப் பாக்கிறியள். அம்மா அங்கை இல்லை அண்ணா. நான்தான் இருக்கிறன்."

"எனக்குத் தெரியும்." அவருடைய குரல் இறங்கிவிட்டது. "நீ பின்னேரத்திலை அம்மாவோடை கதைக்கிறதை நானும் கேக்கிறனான். வேலைக்குப் போகமுன்னம் வானுக்குள்ளை இருந்து கேப்பன். அப்ப நானும் அந்த ஹோலுக்குள்ளை இருக்கிற மாதிரிக் கிடக்கும்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப எனக்கு ஒரு போன் எடுங்கோவன். நான் உங்களோடை கதைக்கிறன். ஏழு மாதமாய் நீங்கள் ஒரு கிழமைக்கு ஒருக்கால், சாப்பிட்டியோ, படலை பூட்டினியோ எண்டு மட்டும்தானே கேக்கிறியள்."

போன் நின்றுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை.

"கழட்டு," என்றார் தமையன். "கழட்டேக்கை நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

ஹோலுக்கு வந்தோம். பெட்டி கிடந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் படிக்கிற வாங்கும் மேசையும் இருந்தன. ரீச்சர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து அவற்றைச் சுவரோரம் நகர்த்தினோம். வெறும் நிலம் தெரிந்தது. தமையன் பார்க்கட்டும் என்று அதை அப்படியே கொஞ்ச நேரம் விட்டார். பிறகு தையல் பெட்டியிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். கதிரையில் ஏறினேன். தமையன் கடைசியாகப் பார்த்தது என் தாடையாகத்தான் இருக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஊசியை விட்டு எண்ணினேன். சிவப்பு வெளிச்சம் மின்னி அணைந்தது. ரீச்சரின் கையில் இருந்த போனில் ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. "சரி," என்றார் தமையன். வைத்துவிட்டார்.

அதன் பிறகு செய்ததெல்லாம் வழமையான வேலை. ஹோல் கமராவைக் கழற்றி வயரைச் சுற்றினேன். படலைக் கமராவுக்கும் ஊசியை விட்டு, அதை ரீச்சரின் பேரில் பதிந்து, தமையனைச் சேர்த்தேன். இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் அவரே வாசித்து, அவரே அமத்தினார். வாசல் நிலையில் ஒட்டியிருந்த பாஸ்வேர்ட் தாளையும் அவரே பிடுங்கினார், பெயின்றும் சேர்ந்து உரிந்து வந்தது. ரவுட்டருக்குப் புதுப் பாஸ்வேர்ட் போடும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அடித்தார். நான் வெளியே வளவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாணும் தேத்தண்ணியும் தந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"இப்பிடிக் கடையின்ரை பேரிலை எத்தினை வீடு இருக்கும்?"

"நாப்பதுக்கு மேலை."

"ஆர் பதிஞ்சது?"

"அரைவாசி நான்தான்."

தலையை ஆட்டினார். நான் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளிக்கிட்டேன். ஒழுங்கையில் இறங்கும்போது ஹோலில் மேசையைத் திரும்பப் பழைய இடத்துக்கு இழுக்கிற சத்தம் கேட்டது.

பருத்தித்துறை பஸ் வந்தது, ஏறினேன். அங்கே மீனுக்கு ஐஸ் அடிக்க ஆள் தேவை என்று முன்பொருமுறை கேள்விப்பட்டிருந்தேன். பஸ் நிலைய வாங்கில் படுத்தேன், நுளம்புக்கடியைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடிய மீன் சந்தைக்குப் போனேன். வள்ளங்கள் வந்துவிட்டிருந்தன. ஐஸ் வேலைக்குப் பொறுப்பானவர் என்னைப் பார்த்ததும் என் பையைத்தான் பார்த்தார்.

"எத்தினை நாளைக்கு நிப்பாய்?"

"பத்து மணிக்கு விடுவியளோ?"

"ஏன், துரைக்குப் பத்து மணிக்குக் கந்தோரோ?" பக்கத்தில் மீன் பெட்டி தூக்கிக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் கொஞ்ச வீடுகளுக்குப் போகோணும். ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் ஏலும். முடிய மாதக்கணக்காகும்."

"என்ன, சீட்டுப் பிடிக்கிறியோ?"

"இல்லை. நான் செய்த வேலை ஒண்டைத் திருத்தோணும்."

அவர் ஐஸ் பாளங்கள் பக்கம் திரும்பினார். "மீன் முடிஞ்சால் போ. முடியாமல் போகாதை," என்று சொல்லி, சாக்கு ஒன்றையும் மரச் சுத்தியலையும் என் கையில் தந்தார். பாளத்தைச் சாக்கில் சுற்றி முதல் அடி அடித்தேன். உடையவில்லை. இன்னும் ஓங்கி அடி என்றார்.